சின்ன யானைக்குள் ஒரு ரேக்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. பேசினதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முடிந்தவரை அப்படியே தந்திருக்கிறேன்.)



எனக்கு முன்னால் பேசினவங்க 1989-ல தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கினதில் ஆரம்பிச்சு, வங்கி இணைப்பு, சுழல்நிதி வரைக்கும் பெரிய விஷயமெல்லாம் பேசிட்டாங்க. நான் பேசப்போறது ஒரு இரும்பு ரேக்கைப் பற்றி. "அதுக்கு எதுக்கு மேடை?" என்று யாராவது நினைத்தால் தப்பில்லை, எனக்கே அப்படித்தான் தோணுச்சு. ஆனால் அந்த ரேக் இல்லாவிட்டால் எங்கள் வண்டி இன்றைக்கு வேற ஒருத்தர் வீட்டு வாசலில் நின்றிருக்கும். ஐந்து குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்திருக்கும்.

நாங்கள் சிறுமலைக்காரர்கள். திண்டுக்கல்லில் இருந்து மேலே ஏறணும்னா 18 கொண்டை ஊசி வளைவு. ஐந்து குழுக்கள் சேர்ந்து கடன் வாங்கி ஒரு சின்ன யானை வண்டி எடுத்தோம். அதை ஓட்டுகிறது நான்தான். முப்பத்து நான்கு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். அது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்றேன்.

வண்டியில் போகிற சரக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலைவாழை ஒரு குழுவுக்கு. நம் சிறுமலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு, ஆனால் வளைவில் வண்டி குலுங்கும்போது பழத்துக்கு அது தெரியாது. காயாக இருக்கும்போது பட்ட அடி, பழுத்த பிறகு கறுப்பாக வெளியே வரும். அடுத்த குழுவுக்கு சௌசௌ, எலுமிச்சை. இன்னொரு குழு மிளகு மூட்டை. நான்காவது குழு சிப்ஸ், முறுக்கு பாக்கெட். ஐந்தாவது குழுவில் பாதிப் பேர் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள், முட்டை. கல்லு மாதிரி ஒன்று, கண்ணாடி மாதிரி ஒன்று, எல்லாம் ஒரே பாடிக்குள்.

முதல் ஏழெட்டு மாதம் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தோம். மூட்டையை அடியில் போட்டு, மேலே பெட்டியை அடுக்கி, கயிறு போட்டு இழுத்துக் கட்டினோம். ஒருநாள் இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ். பிரேக் அடித்தேன். எனக்கோ வண்டிக்கோ ஒன்றுமில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் சௌசௌ மூட்டை முன்னால் சரிந்து வந்து முறுக்கு பாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கு. முட்டை அட்டை எட்டும் கவிழ்ந்து, மஞ்சள் கரு மிளகு மூட்டைக்குள் இறங்கியிருக்கு.

நஷ்டம் எவ்வளவு என்பதை விடுங்கள். யார் கொடுக்கிறது என்பதில்தான் பிரச்சினை. எங்கள் தீர்மானப் புத்தகத்தில் 'நஷ்டத்தை ஐந்து குழுக்களும் சமமாகப் பகிர்வது' என்று எழுதி வைத்திருந்தோம். எழுதும்போது நல்லாத்தான் இருந்தது. மிளகுக் குழு மதினி எழுந்து, "எங்க மூட்டை உருண்டாலும் மிளகு மிளகுதான். உடையுற பொருளை ஏத்துறவங்களுக்காக நாங்க ஏன் மாசா மாசம் அழணும்?" என்றார். நியாயம்தானே? உடனே முறுக்குக் குழுவில் இருந்து பதில்: "உங்க மூட்டை உருண்டதாலதானே எங்களது நொறுங்குச்சு!" அதுவும் நியாயம். முட்டைக் குழுவில் மூத்த அப்பத்தா ஒருத்தர் உண்டு. அவர் சண்டையே போடவில்லை. "இனிமே என் முட்டை உன் வண்டியில வராதுத்தா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு மற்ற இரண்டு பேர் சத்தத்தைவிட அதுதான் வலித்தது. ஏனென்றால் ஓட்டினது நான்.

வண்டியை விற்றுவிடலாம் என்கிற பேச்சு அந்த மாதம்தான் வந்தது. அதற்குள் ரேக் அடிக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, சரி என்று நானும் பொருளாளரும் கீழே ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே போய் "வண்டிக்குள்ள மூணு தட்டு ரேக் வேணும், நல்ல கனமா அடிச்சுக் கொடுங்க" என்றோம். அவர் மேல் தப்பே கிடையாது. கனமாகக் கேட்டோம், கனமாக அடித்துக் கொடுத்தார். ஒன்றரை அங்குல ஆங்கிள், 5 மில்லிமீட்டர் தடிமன், ஒவ்வொரு தட்டுக்கும் முழுத் தகடு. 21,000 ரூபாய். வாழைத்தார் தொங்கவிட மேலே ஒரு பைப்பும் வைத்தார், பழக்கடையில் தொங்குகிற மாதிரி.

அந்த ரேக்கில் தப்பாகப் போனதைச் சொல்றேன், அதில்தான் நாங்கள் படித்தோம்.

முதல் நாளே கிரேட் உள்ளே போகவில்லை. தக்காளி ஏற்றுகிற அந்த பிளாஸ்டிக் கிரேட்தான், நீளம் இரண்டடி, அகலம் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் அளந்தது அதன் அடிப்பாகத்தை. மேல் விளிம்பு அதைவிட அகலமாக வெளியே நீண்டிருக்கும். வீட்டில் எத்தனை வருஷமாக அந்தப் பெட்டியைக் கழுவி அடுக்கியிருப்போம்! அது கண்ணில் படவில்லை. உள்ளே போன இரண்டு கிரேட்டை வெளியே எடுக்கக் கடப்பாரை கேட்டது.

அடுத்து வாழைத்தார். பத்து கிலோ தார் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு 18 வளைவு இறங்கினால் என்ன ஆகும்? கடையில் தார் ஆடாது, ஏனென்றால் கடை ஆடாது. வண்டியில் கோயில் மணி மாதிரி ஆடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தது. மூட்டையாகப் போட்ட காலத்திலேயே பரவாயில்லை.

இதெல்லாம் சின்னது. வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் சாய்கிற மாதிரி ஸ்டியரிங்கில் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. திண்டுக்கல்லில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன். வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ரேக் மட்டும் 230 கிலோ. எங்கள் வண்டியில் 750 கிலோ ஏற்றலாம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ரேக்கே தின்றுவிட்டது. அதுவும் பாதிக்கனம் மேலே. நீங்கள் எல்லாரும் தண்ணீர் தூக்கினவங்கதான். இடுப்பில் ஒரு குடம் இருந்தால் ஓடலாம். தலையில் இரண்டு குடத்தை அடுக்கிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். வண்டிக்கும் அதேதான்.

21,000 ரூபாய் போச்சு. வீட்டில் யாரும் திட்டவில்லை, கூட்டத்தில்தான் திட்டினாங்க. ஒரு அக்கா மட்டும் வேற மாதிரி கேட்டாங்க: "நீங்க ரெண்டு பேரும் பட்டறைக்குப் போனீங்களே, ஏத்தி இறக்குற எங்களை யாராவது கேட்டீங்களா?" கேட்கவில்லை. உண்மைதான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்த பிறகு, சமுதாயக் கூடத்துத் தரையில் கோலமாவால் வண்டிப் பாடியை முழு அளவில் வரைந்தோம். நீளம் ஏழடி இரண்டு அங்குலம், அகலம் நாலடி பத்து அங்குலம். பக்கத் தகடு ஒரு அடி உயரம், எங்கள் வண்டியில் அது நிலையாக நிற்கும், பின்கதவு மட்டும்தான் இறங்கும். ஆகவே உள்ளே போகவும் வரவும் ஒரே வழி. அந்தக் கோலத்துக்குள் நிஜ கிரேட்டைக் கொண்டுவந்து வைத்தோம். இந்த முறை மேல் விளிம்பை அளந்து, அதற்கு மேல் விரல் அகலம் விட்டோம்.

இரண்டு பக்கமும் கிரேட் வரிசை, நடுவில் நடக்க வழி. வழி எவ்வளவு? ஒன்றரை அடி போதும் என்றேன் நான். "நீ சுடிதார் போட்டுக்கிட்டு ஓட்டுவே. நான் சேலையைக் கட்டிக்கிட்டு 25 கிலோவைத் தூக்கிட்டுத் திரும்பணும்" என்று சௌசௌ குழு சித்தி கோலத்துக்குள் இறங்கிக் காலி கிரேட்டோடு திரும்பிக் காட்டினார். இரண்டடிக்குக் குறைந்தால் முழங்கை இடித்தது. இரண்டடி விட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு நீளவாக்கில் மூன்று கிரேட், மூன்று அடுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து 18. எங்களுக்கு அது தாராளம்.

பட்டறைக்காரரையும் கூட்டத்துக்கே கூப்பிட்டோம். இரண்டு பக்க ரேக்கையும் மேலே குறுக்கே மூன்று கம்பியால் சேர்த்தால்தான் ஆடாது என்றார் அவர். ரேக்கின் உயரம் மூன்றரை அடி. அந்த உயரத்தில் குறுக்கே கம்பி இருந்தால் நடுவழியில் எப்படிப் போவது? ஒவ்வொரு கம்பியையும் வேலி தாண்டுகிற மாதிரித் தாண்டணும். அவரும் அப்போதுதான் யோசித்தார். முன்பக்கம், டிரைவர் கேபினை ஒட்டி மட்டும் ஒரு குறுக்குக் கம்பி நிரந்தரமாக. தரையில் கால் தடுக்காத பட்டைக் கம்பி இரண்டு. பின்பக்கம் ஏற்றி முடித்த பிறகு மாட்டுகிற கழற்றும் கம்பி ஒன்று. அது முடிவானது.

பக்கவாட்டில் ஆடாமல் இருக்க அவர் சொன்ன வழியை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். நாலு ஈர்க்குச்சியைச் சதுரமாக நூலால் கட்டுங்கள். விரலால் தள்ளினால் படுத்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் குறுக்கே கட்டிவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. கனத்தைக் கூட்டி வாங்க நினைத்த பலத்தை ஒரு சாய்வுக் கம்பி கொடுத்துவிடும். முதல் ரேக்கில் அந்தச் சாய்வுக் கம்பி ஒன்றுகூட இல்லை.

அதனால் இந்த முறை ஒரு அங்குலச் சதுரப் பைப், 16 கேஜ். தட்டுக்குத் தகடே கிடையாது. கிரேட்டின் அடியே தட்டு, அது உட்கார இரண்டு கம்பி போதும். மொத்த ரேக்கும் 80 கிலோ. மெல்லிய பைப்பை வெல்டு பண்ணும்போது கரண்டைக் குறைத்து வைக்காவிட்டால் பைப் ஓட்டை விழுந்துவிடும் என்று அவர் பழைய துண்டில் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தொட்டார். பைப்பின் வாயை எல்லாம் மூடி போட்டு அடைத்தோம். இல்லாவிட்டால் மழைத்தண்ணி உள்ளே நின்று உள்ளுக்குள்ளேயே துரு பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். மூலையை எல்லாம் அரம் போட்டு மழுக்கச் சொன்னது முறுக்குக் குழு, முந்தானை மாட்டுது என்று.

வளைவில் கிரேட் நடுவழிக்குள் வழுக்கி வராமல் இருக்க என்ன செய்வது என்பதில் ரொம்ப நேரம் போச்சு. கதவு வைக்கலாம், வலை கட்டலாம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் வந்தது நம் வீட்டு வாசப்படிதான். ஒவ்வொரு அடுக்கின் முன்பக்கமும் ஒரு அங்குலம் உயர்ந்த கம்பி. கிரேட்டை அதற்கு மேல் தூக்கி உள்ளே வைத்தால், தானாக வெளியே வராது. 25 கிலோவை ஒரு அங்குலம் தூக்குவது அடி அடுக்கில் கஷ்டமில்லை. மேல் அடுக்குக்குச் சிப்ஸும் முறுக்கும்தான் போகும்.

பாடியோடு எப்படி இணைப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தரையில் துளை போட்டு போல்ட் இறுக்கினால் சுலபம். ஆனால் அந்தத் தகட்டுக்கு அடியில் டீசல் டேங்க் இருக்கு, பிரேக் குழாய் ஓடுது, வயர் போகுது. மேலிருந்து துளை போடுகிறவருக்கு அது தெரியாது. மலையில் ஓட்டுகிற வண்டியில் பிரேக் குழாயோடு விளையாட முடியாது. வெல்டு பண்ணி ஒட்டவும் கூடாது. வண்டியை ஆர்.சி.-யில் இருக்கிறதற்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. அதனால் கழற்றி மாட்டுகிற ரேக்காகவே செய்தோம், பாடிக்கு வெளியே ஒரு அங்குலம்கூட நீட்டவில்லை. ரேக்கின் எடையையும் சரக்கு எடையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். பக்கத் தகட்டின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஆறு கவ்வி, ஒவ்வொன்றுக்கும் 10 எம்.எம். போல்ட், ஸ்பிரிங் வாஷர். ரேக்கின் கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பர். ரப்பர் இல்லாவிட்டால் சத்தத்திலேயே பைத்தியம் பிடிக்கும், பாடித் தகடும் தேயும்.

மொத்தம் 12,400 ரூபாய். பழைய ரேக் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. நம் அலுவலகத்தில் பதிவேடு அடுக்கியிருக்கிற பச்சை இரும்பு அலமாரி அதுதான். நிற்கிற இடத்தில் நல்லா நிற்குது.

முதலில் கிரேட்டில் கல்லைப் போட்டு ஏற்றி, மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்தேன். நாலு போல்ட் தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினேன். இன்றைக்கும் திங்கட்கிழமை காலையில் 17-ம் நம்பர் ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று பார்க்காமல் வண்டியை எடுக்கிறதில்லை.

அப்புறம் அப்பத்தா வீட்டுக்குப் போனேன். முட்டை கேட்டேன். "காசு கொடுத்து வாங்கிட்டுப் போ. உடைஞ்சா உனக்கு. உடையலைன்னா அப்புறம் பேசலாம்" என்றார். என் காசில் இரண்டு அட்டை, 60 முட்டை வாங்கினேன். முட்டை அட்டை ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும், கிரேட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உட்காராது. அதனால் முட்டைக்கு மட்டும் தனியாக ஒரு பலகைத் தட்டு வைத்திருந்தோம். எங்கே வைப்பது என்பது எனக்கு ஓட்டின அனுபவத்தில் தெரியும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவங்களுக்கும் தெரியும். பின்சக்கரத்துக்குப் பின்னால் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் முட்டைக்கு இடம் கேபினை ஒட்டி, நடு அடுக்கு. அடுக்கின் உச்சியில் வைத்தால் ஆட்டம் கூடும், அடியில் வைத்தால் மேலே இருப்பது விழுமோ என்கிற பயம்.

18 வளைவும் இறங்கி, கீழே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முட்டை விரிசல். இரண்டுமே அட்டையின் ஒரே மூலையில் இருந்தது. அட்டை தட்டில் வழுக்கி மோதியிருக்கு. பழைய சேலைத் துணியை மடித்து ஓரத்தில் திணித்தேன். அந்த விரிசல் முட்டையையும் கொண்டுபோய் அப்பத்தாவிடம் காட்டினேன், மறைக்கவில்லை. உள்ளே போய் மூன்று அட்டை எடுத்து வந்து, "துணி நல்லா வச்சியா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முட்டை எங்கள் வண்டியில் ஏறியது அன்றைக்குத்தான்.

நஷ்டச் சண்டை தீர்ந்ததும் இந்த ரேக்கால்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயிண்டில் எண் எழுதினோம், எந்தக் குழுவுக்கு எந்த எண் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினோம். கிரேட் கட்டத்தை விட்டு நகர்ந்து நஷ்டம் ஆனால் அது வண்டிக் கணக்கு. கட்டத்திலேயே இருந்து உள்ளே நசுங்கினால், அடுக்கின குழுவின் கணக்கு. வாழைக் குழு இப்போது தாராகப் போடுவதில்லை, சீப்பாக வெட்டி, நடுவில் வாழைச்சருகு வைத்துக் கிரேட்டில் அடுக்குகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கணக்கு அவர்கள் பக்கம் வந்ததும் சருகும் வந்துவிட்டது. வாடகையும் கட்டத்துக்கு இவ்வளவு என்று ஆயிற்று. மிளகு மதினிக்கு ஒரே ஒரு கட்டம், அவர் இப்போது கூட்டத்தில் சிரித்த முகமாக உட்காருகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கனமான சரக்கு அடி அடுக்கில் போகணும், அதனால் சௌசௌ குழு எல்லாருக்கும் முன்னால் விடியற்காலை நாலு மணிக்கே வந்து ஏற்றணும். முறுக்குக் குழு ஐந்தரைக்கு ஆற அமர வருது. "கனம் எங்க தப்பா?" என்று சித்தி கேட்கிறார். இதற்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை. ஒரு மாதம் சௌசௌ குழுவுக்கு வாடகையில் ஒரு கட்டம் கழிக்கலாமா என்று பேச்சு ஓடுது. மழைக்காலத்தில் பின்பக்கம் தார்ப்பாய் வழியாகத் தண்ணி அடிக்குது, கடைசிக் கட்டம் இரண்டும் நனையுது. அங்கே இப்போதைக்கு எலுமிச்சையை வைக்கிறோம்.

கீழே இருக்கிற இரண்டு ஊராட்சியில் இருந்து ரேக்கைப் பார்க்க வரணும் என்று கேட்டிருக்காங்க. தாராளமாக வாங்க. வண்டி திங்கட்கிழமை மதியம் கூடத்து வாசலில் நிற்கும். வரும்போது உங்கள் வண்டியின் அளவையும், நீங்கள் ஏற்றுகிற பெட்டி ஒன்றையும், ஏற்றி இறக்குகிறவர்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்க. கோலமாவு எங்களிடம் இருக்கு.